மருந்து வண்டியும் மைசூர்ப் புலியும்

திப்பு சுல்தான் என்றதும் நமக்கு வாளும் புலியும்தான் ஞாபகம் வரும். பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கம் படித்தோம், ஐந்து மார்க் வாங்கினோம், அதோடு சரி. மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு அவர் வாழ்க்கை முழுக்க வெடிமருந்து வாசம் அடிப்பதாகவே தோன்றுகிறது. மருந்து வண்டி வெடித்த போரில் அவர் பெயர் எழுந்தது. மருந்துக் கிடங்கு வெடித்த இரண்டாம் நாள் அவர் கதை முடிந்தது.

இந்த எண்ணம் எனக்கு வரக் காரணம் என் தாய்மாமா. எங்கள் ஊர்த் திருவிழாவில் அதிர்வேட்டுப் போடுவது அவர்தான். இரும்புக் குழாயில் கருமருந்தைக் கொட்டி, மேலே செங்கல் பொடி போட்டுக் கெட்டிக்க வேண்டும். மரக்கட்டையால்தான் குத்தணும். ஒரு வருஷம் சாமி புறப்பட்டு விட்டது என்று அவசரப்படுத்தினார்கள். கையில் கிடைத்த இரும்புக் கம்பியால் குத்தினார். இரும்பும் இரும்பும் உரசினால் பொறி பறக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. இரண்டு விரல் போய்விட்டது. அன்றைக்கு மருந்துச் சாக்கு பத்தடி தள்ளி வாய் திறந்தபடி நின்றதாம். அதில் பொறி விழாமல் போனது குலசாமி புண்ணியம் என்று அம்மா இன்றும் சொல்வாள்.

இனி திப்புவுக்கு வருவோம். 1750-ஐ ஒட்டிப் பெங்களூர் அருகே தேவனஹள்ளியில் பிறந்தார். நம் ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்கள். ராக்கெட் அந்தக் குடும்பத்துக்குப் பரம்பரைத் தொழில் என்றே சொல்லலாம். தாத்தா பதே முகமது, ஆற்காட்டு நவாப் படையில் ஐம்பது வாணக்காரர்களுக்குத் தலைவராக இருந்தவர். அப்போது மூங்கில் குழாய்தான். ஹைதர் அலியும் திப்புவும் இரும்புக் குழாய்க்கு மாறினார்கள். சுமார் எட்டு அங்குலக் குழாய், அதைக் கட்ட நீளமான மூங்கில் கழி, சிலதில் வாள் அலகு. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் குழாய் மூங்கிலாக இருந்தால் மருந்தைக் கொஞ்சம்தான் கெட்டிக்க முடியும். அழுத்தம் கூடினால் பிளந்துவிடும். இரும்பு தாங்கும். அதனால்தான் மைசூர் ராக்கெட் ஒரு கிலோமீட்டர், அதற்கு மேலும் போயிற்று. ஒவ்வொரு படைப்பிரிவிலும் ராக்கெட் வீரர்களைத் தனி அணியாகவே வைத்தார் திப்பு.

1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரம் பக்கத்தில் புள்ளலூர். கர்னல் பெய்லி கிட்டத்தட்ட 3,800 பேருடன் வந்துகொண்டிருந்தார். காஞ்சியில் மன்ரோவின் பெரிய படை இருந்தது. இரண்டும் சேர்ந்துவிட்டால் ஹைதருக்குக் கஷ்டம். இடையில் போய் மறித்தவர் திப்பு. சண்டை மும்முரத்தில் பெய்லியின் மருந்து வண்டிகள் வெடித்தன. ராக்கெட் விழுந்து வெடித்தது என்பாரும் உண்டு, பீரங்கிக் குண்டு என்பாரும் உண்டு. எது விழுந்தால் என்ன, சிப்பாய்களுக்கு நடுவிலேயே அல்லவா வண்டிகள் நின்றன! வரிசை குலைந்தது, சுட மருந்தும் இல்லை. பெய்லி சரணடைந்து, சீரங்கப்பட்டினம் சிறையிலேயே 1782-இல் இறந்தார். அந்த வண்டி வெடிக்கிற காட்சியைச் சீரங்கப்பட்டினத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இன்றும் பார்க்கலாம். அன்று பிடிபட்டவர்களில் டேவிட் பெயர்டு என்ற இளம் அதிகாரியும் ஒருவர். அவரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க்காரர்கள் ஒன்றை மறக்க முடியாது. 1781-இல் ஹைதரின் படை தஞ்சாவூர்ச் சீமையில் புகுந்தது. மாடுகள் போயின, வாய்க்கால் மதகுகள் பாழாயின, பஞ்சம் வந்தது. ஐதர் கலாபம் என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். 1782 பிப்ரவரியில் கும்பகோணம் பக்கம் அன்னகுடியில், கொள்ளிடக் கரையில், கர்னல் பிரைத்வெயிட்டின் படையைத் திப்பு மடக்கிப் பிடித்தார். வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வயலில் நாற்று நட இருந்தவன் என்ன ஆனான் என்பதை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் ஹைதர் இறக்க, திப்பு பட்டத்துக்கு வந்தார். 1792-இல் பாதி ராஜ்யத்தையும், பணயமாக இரண்டு பிள்ளைகளையும் வெள்ளைக்காரனிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

1799-இல் சீரங்கப்பட்டினத்தை முற்றுகையிட்டார்கள். அதுவும் காவிரி நடுவில் உள்ள தீவு. காவிரிதான் அரண். ஆனால் சித்திரைக் காவிரி எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆற்றில் வெள்ளம் வருவதற்குள் முடிக்கவேண்டும் என்று எதிரி அவசரப்பட்டான். மே 2 அன்று வெளியிலிருந்து வந்த குண்டு ஒன்று கோட்டைக்குள் ராக்கெட் வைத்திருந்த கிடங்கில் விழுந்தது. கரும்புகை மலை போல எழும்ப, உள்ளிருந்த ராக்கெட்டுகள் நாலாபக்கமும் சீறின. கோட்டை விழுந்தது இதனால் மட்டும் அல்ல. மதிலைப் பீரங்கிகள் ஏற்கெனவே இடித்துக்கொண்டிருந்தன. என்றாலும் குண்டு விழுகிற தூரத்தில் அத்தனை ராக்கெட்டையும் ஒரே இடத்தில் வைத்தது எனக்கு மாமாவின் சாக்கைத்தான் ஞாபகப்படுத்துகிறது. புள்ளலூரில் அந்தப் பாடத்தை நேரில் பார்த்தவர் அவர்!

மே 4 மதியம் ஆற்றைக் கடந்து ஏறிய படைக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? அதே பெயர்டு. நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அந்த ஊர்ச் சிறையில் கிடந்தவர். திப்பு ஓடவில்லை. வாசலருகே சண்டையிட்டு, பிணக்குவியலுக்குள் பிணமாகக் கிடந்தார்.

உள்ளே 700 ராக்கெட்டுகள் பயன்படும் நிலையில் கிடைத்தன. மருந்து கெட்டிக்காத வெறும் குழாய் 9,000. இங்கிலாந்துக்குப் போன சிலவற்றைப் பார்த்துத்தான் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார். அமெரிக்காவில் திப்புவின் ராக்கெட் படை ஓவியத்தைப் பார்த்ததாக நம் அப்துல் கலாம் எழுதியிருப்பதை நீங்களும் படித்திருப்பீர்கள்.

2018-இல் கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டம் நகரா என்ற ஊரில் ஒரு பழைய கிணற்றைத் தோண்டினார்கள். மண்ணில் வெடிமருந்து வாசம் அடித்தது. தோண்டத் தோண்ட ஆயிரத்துக்கு மேல் துருப்பிடித்த ராக்கெட்டுகள்! இதை மாமாவிடம் சொன்னேன். குழாய் எத்தனை அங்குலம், எவ்வளவு கனம் என்று ஒன்றும் கேட்கவில்லை. கெட்டிச்சதா, வெறுங்குழாயா என்றுதான் கேட்டார். கெட்டிச்சதுதான் மாமா என்றேன். எடுத்தவன் எதாலே எடுத்தான் என்று அடுத்தாற்போல் கேட்டார். அது எனக்குத் தெரியவில்லை.