துடைப்பத்தோடு தெருவில் இறங்கிய சகோதரி நிவேதிதா



மகாகவி பாரதியார் 1908-ல் வெளிவந்த தன் ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலை யாருக்குக் காணிக்கை ஆக்கினார் தெரியுமா? அயர்லாந்தில் பிறந்து, கல்கத்தாவின் ஒரு குறுகலான சந்தில் வாழ்ந்த ஒரு பெண்மணிக்கு. அவரைத் தன் குருவாகவே ஏற்றுக்கொண்டார் பாரதி. அவர்தான் சகோதரி நிவேதிதா.

சுவாமி விவேகானந்தரின் சீடராக அவரை நம்மில் பலருக்குத் தெரியும். பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தியதும் தெரிந்திருக்கும். ஆனா, 1899-ல் கல்கத்தாவில் பிளேக் பரவியபோது நம்ம வயசுப் பிள்ளைகளைத் திரட்டி, பழக்கி, சுகாதாரத் தொண்டர்களாக ஆக்கியதைப் பற்றி நாம் அவ்வளவா பேசுவதில்லை. நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். எங்க சுவா சூ காங் வட்டாரத்தில் இளைஞர் குழுவோடு வீடு வீடாகப் போய் டெங்கியைப் பற்றிப் பேசுகிறவன். அதனால அவர் வாழ்க்கையில் இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்ப நெருக்கமானது. அதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆசிரியை மார்கரெட்

1867 அக்டோபர் 28-ல், அயர்லாந்தின் வடபகுதியில் உள்ள டங்கனன் ஊரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மார்கரெட் எலிசபெத் நோபிள். அப்பா ஒரு பாதிரியார். மார்கரெட்டுக்கு 10 வயசு இருக்கும்போது, வெறும் 34 வயசில் அவர் இறந்துபோனார். விடுதிப் பள்ளியில் படித்து முடித்த கையோடு, 17 வயசிலேயே மார்கரெட் ஆசிரியை ஆகிவிட்டார். நம்ம ஊர்க் கணக்கில் பாலிடெக்னிக் முதல் வருஷ வயசு!

பெஸ்டலோசி, ஃப்ரோபெல் என்ற இரண்டு கல்வியாளர்களின் வழிமுறை அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிள்ளை காதால் கேட்டு மனப்பாடம் செய்வதைவிட, கையால் செய்து, கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். லண்டனை அடுத்த விம்பிள்டனில் சொந்தமாகவே ஒரு பள்ளி தொடங்கி இதை நடத்திக் காட்டினார். இந்த விஷயத்தை மனசில வச்சுக்கோங்க, பின்னால் வரும்.

1895 நவம்பரில் லண்டனில் விவேகானந்தரை முதன்முதலாகச் சந்தித்தார். உடனே காலில் விழுந்துவிடவில்லை. கேள்வி கேட்டார், வாதாடினார், யோசித்தார். 1898 ஜனவரி 28-ல் கல்கத்தாவில் வந்து இறங்கினார். மார்ச் 25-ல் சுவாமிஜி அவருக்குப் பிரம்மச்சரிய தீட்சை தந்து நிவேதிதா என்று பெயர் வைத்தார். இறைவனுக்குப் படைக்கப்பட்டவள் என்று பொருள். கோயிலில் நாம் சொல்கிற நைவேத்தியமும் இதே வேரில் இருந்து வந்த சொல்தான். அதே ஆண்டு நவம்பர் 13-ல் பாக்பஜார் பகுதியின் போஸ்பாரா சந்தில் பெண் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். அன்னை சாரதாதேவியார் வந்து பூஜை செய்து ஆசி தந்தார்.

நோயைவிட வேகமாகப் பரவிய பயம்

பிளேக் 1894-ல் ஹாங்காங்கைத் தாக்கியது. 1896-ல் கப்பல் வழியாகப் பம்பாய்க்கு வந்தது. 1898-ல் கல்கத்தா. கிருமியை ஹாங்காங்கிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி கடித்துத்தான் நோய் பரவுகிறது என்று பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898-ல் சொன்னார். ஆனா அதை மருத்துவ உலகம் ஒத்துக்கொள்ளவே பல ஆண்டுகள் ஆனது.

இதற்கு நடுவில் அரசாங்கம் நடந்துகொண்ட விதம் மக்களை இன்னும் மிரட்டியது. புனாவில் சிப்பாய்கள் வீட்டுக்குள் புகுந்து சோதனை போட்டார்கள். பூஜை அறை, பெண்கள் இருக்கும் பகுதி என்று எதையும் விடவில்லை. ஆத்திரம் முற்றி, 1897-ல் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டு இறந்தார். கல்கத்தாவில் தடுப்பூசி போடப்போகிறார்கள், பிடித்துக்கொண்டு போய் அடைத்துவிடுவார்கள் என்ற வதந்தியிலேயே கூட்டம் கூட்டமாக மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள்.

டார்ஜிலிங்கில் ஓய்வில் இருந்த விவேகானந்தர் செய்தி கேட்டதும் இறங்கி வந்தார். பயப்படாதீர்கள், சுத்தமாக இருங்கள், வதந்தியை நம்பாதீர்கள் என்ற கருத்தில், சாதாரண மக்களுக்குப் புரிகிற மாதிரி வங்காளியிலும் இந்தியிலும் துண்டறிக்கை தயாரானது. பணம் போதாவிட்டால், மடத்துக்கென்று அப்போதுதான் வாங்கிய பேலூர் நிலத்தையே விற்றுவிடவும் அவர் தயாராக இருந்தார். அந்த ஆண்டு நோய் அவ்வளவு பெரிதாகப் பரவவில்லை. 1899 மார்ச்சில் மறுபடி தலைதூக்கியது.

15 பேரின் படை

இந்த முறை ராமகிருஷ்ண மிஷன் ஒரு பிளேக் தொண்டுக் குழுவையே அமைத்தது. செயலாளர் நிவேதிதா. களத்தில் பொறுப்பு சுவாமி சதானந்தருக்கு. மார்ச் 31-ல் வேலை ஆரம்பம். பாக்பஜார், ஷியாம்பஜார் பக்கத்துக் குடிசைப் பகுதிகளில் மலைபோலக் குவிந்திருந்த குப்பையை அள்ளுவதுதான் முதல் வேலை. சதானந்தர் துப்புரவுத் தொழிலாளர்களோடு சேர்ந்து தானே அள்ளினார். நிவேதிதா ஆங்கிலப் பத்திரிகைகளில் எழுதி நிதி திரட்டினார். குப்பை போனால் எலி குறையும், எலி குறைந்தால் நோய் குறையும். காரணம் முழுசாகத் தெரியாத காலத்திலும் அவர்கள் பிடித்த வழி சரியான வழி.

ஆள் போதவில்லை. ஒருநாள் நிவேதிதா தானே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருவைப் பெருக்க ஆரம்பித்தார். அந்தக் காலக் கல்கத்தாவை நினைச்சுப் பாருங்க. ஒரு வெள்ளைக்காரப் பெண், படித்தவர், சந்தில் குனிந்து குப்பை அள்ளுகிறார். திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த இளைஞர்களுக்கு வெட்கமாகிவிட்டது. ஒவ்வொருத்தராக எழுந்து வந்து துடைப்பத்தைக் கையில் வாங்கினார்கள்.

அதோடு அவர் விட்டிருந்தால் அது ஒருநாள் கதையாக முடிந்திருக்கும். ஏப்ரலில் கிளாசிக் தியேட்டரில் மாணவர்களுக்கென்றே ஒரு கூட்டம் கூட்டினார். பிளேக் காலத்தில் மாணவர்களின் கடமை என்ன என்பதுதான் பேச்சு. விவேகானந்தர் தலைமை தாங்கி, வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களை நேரடியாகவே கேள்வி கேட்டார். கூட்டம் முடிந்ததும் சுமார் 15 மாணவர்கள் பெயர் கொடுத்தார்கள். நல்லா கவனிங்க, 15 பேர்தான்!

அந்த 15 பேரை அவர் பழக்கிய விதம்தான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. சிறு சிறு குழுவாகப் பிரிந்து போகணும். வீடு வீடாக ஏறி இறங்கணும். துண்டறிக்கையைக் கையில் கொடுத்து, படிக்கத் தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொல்லணும். எந்தச் சந்து சுத்தமாச்சு, எது ஆகலைன்னு பார்த்து வைக்கணும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடி, அந்த வாரம் பார்த்ததைச் சொல்லி, அடுத்த வாரத்துக்கு என்ன வேலை என்று கேட்டுக்கொண்டு போகணும். விம்பிள்டன் வகுப்பறையில் குழந்தைகளுக்குச் செய்த அதே முறை இது. செய்யவிட்டார், பார்க்கவிட்டார், சொல்லவிட்டார்.

எங்க பாடத்தில் ஒரு அமைப்பு சரியாக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள, அதன் விளைவை அளந்து திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும் என்று சொல்லித்தருவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அந்த வேலையைத்தான் செய்தது. சிப்பாயைப் பார்த்துக் கதவைச் சாத்திய வீடு, பக்கத்துத் தெருப் பையன் வந்து சொன்னபோது காது கொடுத்தது.

மடியில் ஒரு குழந்தை

அந்த நாட்களில் பாக்பஜாரில் வைத்தியம் பார்த்தவர் டாக்டர் ராதா கோவிந்த கர். இன்றைக்கும் கொல்கத்தாவில் ஒரு மருத்துவக் கல்லூரி அவர் பெயரில் இருக்கிறது. ஒரு நாள் நண்பகலில் அவர் வீடு திரும்பியபோது வாசலில் நிவேதிதா காத்திருந்தார். அன்று காலையில் டாக்டர் பார்த்த ஒரு குடிசைக் குழந்தையைப் பற்றி விசாரிக்கத்தான் வந்திருந்தார். நிலைமை மோசம், தொற்றும் அபாயம் உண்டு, ஜாக்கிரதையாக இருங்கள் என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார்.

சாயங்காலம் டாக்டர் திரும்பப் போனபோது, ஈரம் கசியும் அந்தக் குடிசைக்குள் நிவேதிதா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரவும் பகலும் அங்கேயே இருந்தார். குடிசைக்குக் கிருமி நீக்கம் செய்ய வேண்டி வந்தபோது, ஏணி வைத்து ஏறித் தானே சுண்ணாம்பு அடித்தார். குழந்தை பிழைக்கவில்லை. அவர் கையிலேயே உயிர் போனது.

எல்லாரும் இந்த அளவுக்குப் போகணும்னு நான் சொல்ல வரல. இன்றைய மருத்துவ விதிப்படி பார்த்தால், பாதுகாப்பு உடை இல்லாமல் அப்படி இருக்கவும் கூடாது. ஆனா அந்த 15 மாணவர்களும் தங்கள் தலைவி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துதான் தெருவில் இறங்கினார்கள்.

கடைசி வரை

1902 ஜூலை 4-ல் விவேகானந்தர் மறைந்தார். நாட்டு விடுதலைக்காகச் சுதந்திரமாகச் செயல்பட வேண்டும் என்பதால், நிவேதிதா மடத்தின் அமைப்பிலிருந்து விலகினார். தொண்டு மட்டும் நிற்கவில்லை. 1906-ல் கிழக்கு வங்காளத்தில் வெள்ளமும் பஞ்சமும் வந்தபோது படகில் போய், தண்ணீரில் நடந்து, கிராமம் கிராமமாகப் பார்த்து எழுதினார். திரும்பியவரை மலேரியா படுக்கையில் தள்ளியது. அதற்குப் பிறகு உடம்பு பழையபடி தேறவே இல்லை.

பாரதியார் அவரைக் கல்கத்தாவில் சந்தித்தது ஒரே ஒரு முறை. மனைவியை ஏன் கூட அழைத்து வரவில்லை என்று நிவேதிதா கேட்ட கேள்வி, பெண் விடுதலையைப் பற்றி பாரதியை வாழ்நாள் முழுக்க யோசிக்க வைத்தது. 1911 அக்டோபர் 13-ல், டார்ஜிலிங்கில் அவர் உயிர் பிரிந்தது. 44 வயசுகூட நிறையவில்லை.

நம்ம புளோக்கில்

நமக்கு உழவாரப் பணி புதுசில்லை. அப்பர் சுவாமிகள் கையில் உழவாரத்தோடு கோயில் கோயிலாகப் போய்ப் பிராகாரத்தைச் செதுக்கிச் சுத்தம் செய்தவர். நாமும் விழாவுக்கு முன்னால் கோயிலைக் கழுவி விடுகிறோம். நிவேதிதா அதே பணியைக் கோயில் மதிலுக்கு வெளியே, தெருவுக்குக் கொண்டுபோனார். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

இங்கே குப்பை அள்ள நகர மன்றம் இருக்கிறது. நம்ம வேலை வேற. வோல்பாக்கியா திட்டத்தில் கொசுக்களை விடும் வட்டாரங்களில் எங்க சுவா சூ காங்கும் ஒன்று. வீடு வீடாகப் போனால், கொசுவை ஒழிக்கச் சொல்லிவிட்டு அவங்களே ஏன் கொசுவை விடறாங்க என்று ஆன்ட்டிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதானே! விடுவது ஆண் கொசு, அது கடிக்காது, அதோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரியாது என்று தமிழில் இரண்டு நிமிஷம் சொன்னால் முகம் தெளிந்துவிடும். அதேபோல, நீரிழிவு நம்ம இந்தியர்களிடையே அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். 2023-ல் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேரச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்தும், அது மோசடியா இருக்குமோ என்று பயந்து அப்படியே விட்டுவிடுகிற தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்க ஒரு பேரப்பிள்ளை.

அதனால ஒரு யோசனை. ஒவ்வொரு வட்டாரத்திலும் 5 பேர் சேருங்க. ஆளுக்கு ஒரு புளோக். வாரம் 4 வீடு. ஞாயிற்றுக்கிழமை கோயிலிலோ சமூக மன்றத்திலோ கூடி, யார் என்ன கேட்டாங்க, நமக்கு எதுக்கு பதில் தெரியலைன்னு பேசுங்க. தெரியாததை டாக்டரிடமோ தாதியிடமோ கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அடுத்த வாரம் அந்த வீட்டுக்கே திரும்பப் போங்க. திரும்பப் போறதுதான் முக்கியம்.

அன்றைக்கு கல்கத்தாவில் 15 பேரோடுதான் ஆரம்பித்தார்கள். நம்ம குழுவில் அதைவிட அதிகம் பேர் இருக்கோம்.