பூமிக்கடியில் தீ மூட்ட நினைத்தவர்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? அந்தக் கரையோரம் சவுக்குத் தோப்புகள் நிறைய உண்டு. சவுக்கு விறகை அடுப்பில் எரித்தால் சாம்பல்தான் மிஞ்சும். அதையே அடுக்கி, மண்ணால் மூடி, காற்றை அளவாக விட்டு எரித்தால் கரி கிடைக்கும். காற்றைக் கட்டுப்படுத்தினால் தீயிடம் வேலை வாங்கலாம்!

இதைப் பூமிக்கடியில் செய்து பார்க்க ஆசைப்பட்டவர், விஞ்ஞானி வில்லியம் ராம்சே.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1852-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி பிறந்தார். காற்றில் ஒளிந்திருந்த ஆர்கான் வாயுவை 1894-ல் ராலே பிரபுவுடன் சேர்ந்து கண்டுபிடித்தார். 1898-ல் டிராவர்ஸ் என்பவருடன் நியான், கிரிப்டான், செனான் வாயுக்களைக் கண்டறிந்தார். 1904-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

நம் நாட்டுக்கும் அவர் உதவியிருக்கிறார். ஜாம்ஷெட்ஜி டாடா உயர் ஆராய்ச்சி நிலையம் ஒன்று அமைக்க விரும்பினார். அவர் அழைப்பில் 1900-ல் இங்கு வந்த ராம்சே, அதற்குப் பெங்களூரே ஏற்ற இடம் என்றார். 1909-ல் அங்கே தோன்றியதுதான் இந்திய அறிவியல் கழகம்.

அந்தக் காலத்தில் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விபத்துகளில் இறந்தார்கள். நகரங்களோ கரிப்புகையில் மூழ்கின. இதற்கு 1912-ல் ஒரு வழி சொன்னார் ராம்சே. மனிதர்களைச் சுரங்கத்துக்குள் அனுப்ப வேண்டாம். துளையிட்டு, நிலக்கரியை அங்கேயே கொளுத்தி, அளவாகக் காற்றைச் செலுத்தினால் எரிவாயு உண்டாகும். அதைக் குழாயில் மேலே கொண்டுவந்து மின்சாரம் தயாரிக்கலாம்! சீமென்ஸ், மெண்டலீவ் ஆகியோரும் முன்பே இதுபோல் சிந்தித்திருந்தார்கள். ராம்சே சோதனையே செய்துவிடத் துணிந்தார். டர்ஹாம் பகுதியில் இடமும் தேர்வானது.

ஆனால், 1914-ல் முதல் உலகப்போர் மூண்டது. சோதனை நின்றது. 1916 ஜூலை 23-ல் ராம்சே மறைந்தார்.

அவரது கனவு மறையவில்லை. 1930-களில் சோவியத் நாட்டில் இந்தச் சோதனைகள் நடந்தன. பின்னாளில் எண்ணெய்க்கும் பூமிக்கடித் தீ உதவியது. குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் உள்ள பாலோல் வயலில், எண்ணெய் பாகுபோல் கெட்டியாக இருக்கும். எளிதில் மேலே வராது. 1990-ல் ஓ.என்.ஜி.சி. நிறுவனம் அங்கே காற்றைச் செலுத்தித் தீ மூட்டிச் சோதித்தது. கொஞ்சம் எண்ணெய் எரிந்தது. அந்தச் சூட்டில் மற்ற எண்ணெய் இளகி ஓடியது! 1997-ல் இம்முறை பெரிய அளவில் தொடங்கியது.

கண்ணுக்குத் தெரியாத தீயை அடக்குவது இன்றும் கடினம்தான். நிலத்தடி நீரும் கெடக்கூடாதே! ராம்சேயால் மூட்ட முடியாமல் போன தீயை எப்படி அடக்கி ஆள்வது என்று விஞ்ஞானிகள் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.