சேர் வில்லியம் ஹகின்ஸ்

கல்விக்குக் கலாசாலை வாயிலேயன்றி எல்லையன்று. இதற்குத் தம் வாழ்வையே சான்றாக்கியவர் ஆங்கில வானியலறிஞர் சேர் வில்லியம் ஹகின்ஸ் ஆவார்.

அவர் 1824இல் இலண்டனில் ஒரு பட்டு வணிகர்க்கு மகனாகப் பிறந்தார். இளமையிலேயே குடும்ப வணிகத்தைத் தாங்க நேர்ந்தமையால், பல்கலைக்கழகம் புகும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை. ஆயினும் அறிவு வேட்கை தணியவில்லை. வணிகத்தை விற்று, தல்ஸ் ஹில் என்னுமிடத்திற் குடியேறி, 1856இல் தம் இல்லத்திலேயே ஓர் அவதான நிலையம் அமைத்தார்.

அந்நாளில் விடைகாணா வினாவொன்று இருந்தது. திருவாதிரையும் மிருகசீரிடமும் அடங்கிய ஓரியன் மண்டலத்திலே வெண்புகை போன்ற முகிலொன்று தோன்றும். அது யாது? றோஸ் பிரபுவின் பெருந்தொலைகாட்டி பல முகில்களை விண்மீன் கூட்டங்களாகப் பிரித்துக் காட்டியமையால், வான்முகில் யாவும் சேய்மையிலுள்ள விண்மீன் திரள்களே எனப் பலர் கருதினர்.

ஒளியைப் பகுத்துப் பொருளை அறியும் வழியை 1859இல் ஜேர்மானிய அறிஞர் கிர்ச்சோப், புன்சன் ஆகியோர் காட்டினர். விண்மீனின் ஒளி தொடர்ந்த நிறப்பட்டையாகவும் அதனூடே கருங்கோடுகளாகவும் விரியும். ஒளிரும் ஐதான வாயுவோ தனித்த சில ஒளிக்கோடுகளையே தரும். அயலில் வாழ்ந்த இரசாயனப் பேராசிரியர் மில்லரின் துணையோடு, ஹகின்ஸ் இம்முறையை வானுக்குப் பயன்படுத்தலானார்.

1864 ஓகத்து 29ஆம் நாளிரவு, திராக்கோ மண்டலத்து முகிலொன்றை நிறமாலைகாட்டியால் நோக்கினார். நிறப்பட்டை தோன்றவில்லை, ஒளிக்கோடுகளே தோன்றின. அம்முகில் வாயுவே என்பது தெளிவாயிற்று. பின்னர் ஓரியன் முகிலும் அவ்வாறே விடை தந்தது. நெடுநாட் பிணக்கு தீர்ந்தது.

ஆனால் புதியதொரு புதிர் பிறந்தது. கோடுகளுள் ஒன்று ஐதரசனுக்குரியது. மிக ஒளிர்ந்த பச்சைக் கோட்டை முதலில் நைதரசனோடு தொடர்புபடுத்தினர்; நுண்ணிய அளவைகள் அதனை மறுத்தன. புவியில் அறியப்படாத மூலகமொன்று உண்டெனக் கருதி, நெபுலியம் எனப் பெயரும் இட்டனர். 1875இல் ஹகின்ஸை மணந்த மார்கரெட் அம்மையார் ஆய்விலும் துணைவியானார். 1889இல் ஓரியன் முகில் பற்றிய கட்டுரை இருவர் பெயராலும் வெளிவந்தது. எனினும் புதிர் அவிழவில்லை. றோயல் சங்கத்தின் தலைமையை 1900 முதல் 1905 வரை வகித்த ஹகின்ஸ், 1910இல் அதன் விடை அறியாமலே மறைந்தார். அம்மையாரும் 1915இல் மறைந்தார்.

1927இல் அமெரிக்க அறிஞர் போவன் விடை கண்டார். அக்கோடு புதிய மூலகத்தினதன்று. இரண்டு இலத்திரன்களை இழந்த ஒட்சிசனது. வாயு மிகமிக ஐதாக உள்ளவிடத்தே மட்டும் அக்கோடு இவ்வாறு மேலோங்கித் தோன்றும்.

ஏறக்குறைய 1,350 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஓரியன் முகிலின் நடுவே, சரிவகம் எனப்படும் இளம் விண்மீன் கூட்டம் உளது. அதிலுள்ள பெருந்திணிவு விண்மீனொன்றின் ஊதா கடந்த கதிர்களே பெரும்பாலும் அவ்வாயுவை ஒளிரச் செய்கின்றன. பிறப்பித்த வாயுவையே அவை மெல்லமெல்லக் கலைத்தும் விடுகின்றன. இவற்றையெல்லாம் ஆராய்வோர் இன்றும் கைக்கொள்வது ஒளியைப் பகுக்கும் அம்முறையையே.

மாணவர்காள்! விடை கண்டவரைப் போற்றும் நாம், வினாவைப் பழுதின்றிப் பின்வந்தோர் கையில் ஒப்படைத்தவரையும் போற்றுவோமாக.