மார்கரெட் லோவன்ஃபெல்ட்

மார்கரெட் லோவன்ஃபெல்ட் (பெப்ரவரி 4, 1890 - பெப்ரவரி 2, 1973) பிரித்தானியக் குழந்தை மருத்துவரும் உளவியலாளரும் ஆவார். குழந்தைகளுக்கான விளையாட்டுச் சிகிச்சையின் முன்னோடிகளுள் ஒருவர். மணல் தட்டும் சிறு பொம்மைகளும் கொண்டு செய்யப்படும் உலக நுட்பம் இவரால் உருவாக்கப்பட்டது. அச்சிகிச்சையை அளிப்போருக்கு முறையான பயிற்சி தேவை என்பதை வலியுறுத்தி, அதற்கென ஒரு நிறுவனத்தையும் இவர் நடத்தினார்.

வாழ்க்கை

இலண்டனில் பிறந்தார். தந்தை என்றி லோவன்ஃபெல்ட் போலந்திலிருந்து குடியேறிய செல்வந்தர். இலண்டனில் உள்ள அப்பல்லோ நாடக அரங்கைக் கட்டியவர். குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கத்தின் முன்னோடியான மருத்துவர் எலெனா ரைட், மார்கரெட்டின் தமக்கை ஆவார். பெற்றோர் பிரிந்தமையால் மார்கரெட்டின் இளமைப்பருவம் மகிழ்ச்சியற்றதாக இருந்தது.

1918இல் மருத்துவப் பட்டம் பெற்ற பின்னர், போரால் சீரழிந்திருந்த போலந்து சென்று போர்க்கைதிகளுக்கும் மாணவர்களுக்கும் உதவும் பணிகளில் ஈடுபட்டார். பெருந்துயருக்கு ஆளான குழந்தைகளுள் சிலர் ஒடுங்கிப்போக, வேறு சிலர் மீண்டெழுவது ஏன் என்ற கேள்வி அங்குதான் அவருக்குள் எழுந்தது. சொற்களால் சொல்ல இயலாத அனுபவத்தைச் சொற்களின்றியே வெளியிட வழி வேண்டும் என்றும் கருதினார்.

உலக நுட்பம்

1928இல் இலண்டனின் வடக்கு கென்சிங்டன் பகுதியில் குழந்தைகளுக்கான சிகிச்சையகம் ஒன்றைத் தொடங்கினார். வண்ணக் குச்சிகள், மணிகள், சிறு பொம்மைகள் முதலியன நிறைந்த அதிசயப் பெட்டி ஒன்று அங்கு வைக்கப்பட்டிருந்தது. எச். ஜி. வெல்ஸ் 1911இல் எழுதிய தரை விளையாட்டுகள் பற்றிய நூலின் நினைவே இதற்குத் தூண்டுதலாக இருந்தது. பின்னர் மணல் நிரப்பிய துத்தநாகத் தட்டுகளும் நீரும் சேர்க்கப்பட்டன. பொம்மைகளை மணலில் அடுக்கிக் காட்சிகளை அமைக்கத் தொடங்கியவர்கள் குழந்தைகளே. அவற்றுக்கு உலகம் எனப் பெயரிட்டவர்களும் அவர்களே. இந்நுட்பத்தைக் கண்டுபிடித்த பெருமையையும் லோவன்ஃபெல்ட் குழந்தைகளுக்கே அளித்தார். வண்ணத் துண்டுகளை அடுக்கி உருவங்கள் அமைக்கும் மொசைக் சோதனையும் இவருடையதே.

பயிற்சி

சிகிச்சையகம் 1931இல் குழந்தை உளவியல் நிறுவனமாக வளர்ந்தது. 1930களின் நடுப்பகுதிக்குள் அங்கு முறையான பயிற்சி வகுப்புகள் நடைபெறலாயின. பயிலுநர்கள் நூல்களைக் கற்பதுடன் மணல் தட்டையும் மொசைக் துண்டுகளையும் தாமே கையாண்டு பழக வேண்டியிருந்தது. குழந்தை அமைத்த உலகத்தை வரைந்து பதிவுசெய்வதும் பயிற்சியின் பகுதியாகும். கடினமான பாடம் யாதெனில், பொருள் கூறும் ஆவலை அடக்கிக்கொண்டு குழந்தை காட்டுவதைப் பார்த்திருப்பதேயாகும்.

இதில்தான் மெலனி கிளைனின் வழியினருடன் முரண்பாடு ஏற்பட்டது. குழந்தையின் விளையாட்டில் மறைந்துள்ள பொருளைச் சிகிச்சையாளர் விளக்கிச் சொல்வது கிளைனின் முறை. அவ்வாறு செய்தால் சிகிச்சையாளரின் கோட்பாடே குழந்தையின் வாயில் திணிக்கப்படும் என லோவன்ஃபெல்ட் எண்ணினார். குழந்தையின் பற்று ஒரு நபர் மீது குவியாதிருக்க, சிகிச்சையாளர்களை மாற்றி மாற்றி அனுப்பினார். பிரித்தானியாவில் உளப்பகுப்பாய்வின் செல்வாக்கு மிகுந்திருந்த காலத்தில் இந்நிலைப்பாடு அவரைத் தனிமைப்படுத்தியது.

தாக்கம்

அவரது கருவி அவரது பயிற்சிமுறையை விட விரைவாகப் பரவியது. சார்லட் பியூலர் அதனைத் தரப்படுத்திய சோதனையாக மாற்றினார். 1956இல் இலண்டன் வந்து லோவன்ஃபெல்டிடம் பயின்ற சுவிட்சர்லாந்தின் டோரா கால்ஃப், அதனை யுங்கின் கருத்துகளுடன் இணைத்து மணல் விளையாட்டுச் சிகிச்சை என வளர்த்தார். இன்று பல நாடுகளில் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் கால்ஃபின் வடிவமே. இதனால் மணல் தட்டை அறிந்தோர் பலர் லோவன்ஃபெல்டின் பெயரை அறியாதுள்ளனர்.

குழந்தைப்பருவத்தில் விளையாட்டு என்ற அவரது நூல் 1935இல் வெளியானது. உலக நுட்பம் பற்றிய நூல் அவரது மறைவுக்குப் பின் 1979இல்தான் வெளிவந்தது. அவரது ஆவணங்கள் இலண்டனின் வெல்கம் தொகுப்பில் பாதுகாக்கப்பட்டுள்ளன.