இரண்டு மணியோசைகள்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஜோன் லெனன் என்னும் ஆங்கிலப் பாடகனின் இசைத்தட்டுகளுள் இரண்டு, மணியோசையுடனேயே தொடங்குகின்றன. 1970ஆம் ஆண்டில் வெளிவந்த தட்டின் முதலிலே, தேவாலயத்துச் சாவுமணி போன்ற கனத்த ஓசை விட்டு விட்டு ஒலிக்கிறது. 1980ஆம் ஆண்டில் வெளிவந்த தட்டின் முதலிலோ, சின்னஞ்சிறு மணியொன்று கிணுகிணுக்கிறது. முன்னதற்கு மறுமொழியாகவே பின்னதை அவன் அமைத்தான். ரொக் இசை என்றதும் கூச்சலும் ஆரவாரமுமே நம்மிற் பலருக்கு நினைவில் எழுகின்றன. அக்கூச்சல்களுள் ஒன்று எங்கே பிறந்தது என்பதையே இங்குக் கூற விழைகிறேன்.

லெனன் 1940ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆம் திகதி, ஜெர்மானிய விமானங்கள் குண்டுமாரி பொழிந்த போர்க்காலத்திலே, லிவர்பூல் துறைமுக நகரிற் பிறந்தான். தந்தை அல்பிரட் வணிகக் கப்பலிலே தொழில் புரிந்தவர். கரையில் இருந்த நாட்களிலும் கடலில் இருந்த நாட்களே அதிகம். அன்னை ஜூலியா வேறொருவருடன் வாழத் தலைப்பட்டாள். சிறுவனுக்கு 5 வயதானபோது, பிள்ளைப்பேறற்ற பெரியம்மா மிமியின் இல்லம் அவனுக்குப் புகலிடமாயிற்று. வூல்ட்டன் பகுதியில் மென்லவ் வீதியில் அமைந்திருந்தது அவ்வீடு.

அங்கே அவனுக்கு உணவுக்கோ உடைக்கோ நூல்களுக்கோ குறைவிருக்கவில்லை. ஆயினும், பெற்றவள் அதே நகரிலே, நடந்து செல்லக்கூடிய தூரத்திலே, வேறொரு குடும்பத்தை நடத்திக்கொண்டிருந்தாள். அன்னையை மரணத்தால் இழந்த பிள்ளையின் துயரை உலகம் அறியும். அன்னை உயிரோடிருக்க, அவளை இழந்து வளரும் பிள்ளையின் துயருக்கு நம் மொழியிலும் பெயரில்லை.

வீட்டுக்கு அண்மையில், இரட்சணிய சேனையினர் நடத்திய சிறுவர் இல்லம் ஒன்று இருந்தது. ஸ்ட்ரோபெரி பீல்ட் என்பது அதன் பெயர். கோடைக் காலத்தில் அங்கே நடைபெறும் தோட்ட விழாவுக்குச் செல்வதென்றால் லெனனுக்குப் பெருமகிழ்ச்சி. பெற்றோரற்ற குழந்தைகளின் அந்த இல்லம், பெற்றோர் இருந்தும் இல்லாத அவன் உள்ளத்தைக் கவர்ந்ததில் எனக்கு வியப்பில்லை. 1966இல், திரைப்படமொன்றில் நடிப்பதற்காக ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவில் தங்கியிருந்தபோது, அந்தத் தோட்டத்தின் நினைவே அவனிடம் பாடலாக உருக்கொண்டது. வெவ்வேறு வேகத்திலும் சுருதியிலும் பதிவான இரண்டு ஒலிப்பதிவுகளின் பகுதிகளை இணைத்துத் தரும்படி அவன் கேட்டான். தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளரும் வேகத்தை மாற்றி அவற்றைப் பொருத்தினர். 1967 பெப்ரவரியில் அப்பாடல் வெளிவந்தது. ஒட்டிய இடத்தை அறிந்தபின் கேட்கும்போது, இரண்டு வீடுகளின் இடையே வளர்ந்த ஒருவனின் வாழ்வையே அதிற் கேட்பதாக எனக்குத் தோன்றும்.

பதின்ம வயதில் லெனன் அன்னையை மீண்டும் நெருங்கினான். அவள் பாஞ்சோ வாசிப்பதில் வல்லவள். மகனுக்கும் அக்கருவியின் விரல் நிலைகளையே கற்பித்தாள். அதனால், தொடக்கத்தில் அவன் கிட்டாரையும் பாஞ்சோவைப் போலவே மீட்டினான். 1957 ஜூலை 6ஆம் திகதி, வூல்ட்டன் ஆலய விழாவில் போல் மக்கார்ட்னியைச் சந்தித்தான். அதற்கு முந்திய ஆண்டிலேதான் போல் தன் அன்னையை நோய்க்குப் பறிகொடுத்திருந்தான்.

அடுத்த ஆண்டு, 1958 ஜூலை 15ஆம் திகதி மாலை, மிமியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஜூலியா, மென்லவ் வீதியைக் கடக்கையில் மோட்டார் வண்டி மோதி உயிர் நீத்தாள். வண்டியை ஓட்டியவர், கடமையில் இராத ஒரு பொலிஸ்காரர். லெனனுக்கு அப்போது வயது 17. தாயை அவன் இருமுறை இழந்தான்.

பீட்டில்ஸ் குழுவின் புகழ் உலகெங்கும் பரவிய 1964ஆம் ஆண்டில், தந்தை அல்பிரட் திரும்பி வந்தார். அந்த வருகை மகனின் புண்ணை ஆற்றவில்லை. 1968இல், துணையாக எவரும் இசைக்காமல், தன்னந்தனியே கிட்டாரை மீட்டி, அன்னையின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாடலை அவன் பதிவு செய்தான். 1970இல், உளமருத்துவர் ஆர்தர் ஜனோவிடம் சிகிச்சை பெற்றபின் பாடியது, அன்னை என்னும் பொருள்படும் 'மதர்'. அதன் வாயிலிலேதான் அந்தச் சாவுமணி ஒலிக்கிறது. பியானோ, பாஸ் கிட்டார், முரசு ஆகிய மூன்றே கருவிகள். முடிவிலே, பெற்றோர் இருவரையும் அழைக்கும் குழந்தையின் ஓலம். நான் முதலிற் குறிப்பிட்ட கூச்சல் இதுவே.

எனினும், வாழ்க்கை வரலாறு எழுதுவோர் மறைக்கலாகாத ஓர் உண்மை உண்டு. கைவிடப்பட்டவனாகக் கதறிய அவனே, அதற்கு முன்பே, தன் மகனைக் கைவிட்டிருந்தான். முதல் மனைவி சிந்தியாவை அவன் பிரிந்த 1968ஆம் ஆண்டில், மகன் ஜூலியனுக்கு வயது 5. அச்சிறுவனைத் தேற்றும் எண்ணத்தோடு, அவனைக் காணக் காரிற் சென்ற போல் வழியிலே தொடங்கிய பாடலே 'ஹே ஜூட்'. அதைக் கேட்ட லெனன், அது தன்னையே நோக்கிப் பாடப்பட்டதென்று எண்ணிக்கொண்டான். தன் துயரைப் பாடத் தெரிந்தவனுக்குப் பிறர் துயர் காதில் விழாமற் போவதும் உண்டு.

1975 ஒக்டோபர் 9ஆம் திகதி, அவனுடைய 35ஆவது பிறந்தநாளிலேயே, யோகோ ஓனோவிடம் இரண்டாவது மகன் ஷோன் பிறந்தான். ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் லெனன் இசையுலகை விட்டு ஒதுங்கினான். நியூயோர்க் நகரில், வீட்டிலிருந்து ரொட்டி சுட்டான், குழந்தையைப் பராமரித்தான். தனக்குக் கிடைக்காததைக் கொடுப்பதற்கு அவன் கற்றுக்கொண்ட காலம் இதுவென்பேன். 1980 நவம்பரில் வெளிவந்த தட்டின் முன்னால் ஒலிக்கும் சிறுமணி, அக்காலத்தின் ஓசை. ஷோனை உறங்கவைக்கும் தாலாட்டொன்றும் அத்தட்டில் உண்டு.

மூன்று வாரங்கள் கழித்து, டிசம்பர் 8ஆம் திகதி இரவு, தன் வீட்டு வாயிலிலே லெனன் சுட்டுக் கொல்லப்பட்டான். அவனுக்கு வயது 40. அன்று ஷோனுக்கு வயது 5. ஜூலியனுக்கு வயது 17. அன்னையின் வீட்டைவிட்டு நீங்கியபோது லெனனுக்கு இருந்த வயது இளையவனுக்கு. அவளைப் புதைத்தபோது இருந்த வயது மூத்தவனுக்கு.

1985இல், அவ்வீட்டுக்கு எதிரேயுள்ள பூங்காவின் ஒரு பகுதி, அந்தச் சிறுவர் இல்லத்தின் பெயரால் அவன் நினைவிடமாயிற்று. லிவர்பூலில் 2005இல் மூடப்பட்ட இல்லத்தின் தோட்டமும் 2019 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. பாடலால் ஒருவன் தன் புண்ணை ஆற்றிக்கொள்ளலாம் என்பதை லெனனின் வாழ்க்கை எனக்கு உறுதிப்படுத்தவில்லை. அப்புண்ணைத் தன் பிள்ளைக்குக் கொடுக்காதிருக்க, பாட்டை நிறுத்திவிட்டு வீட்டிலிருக்க வேண்டியிருந்தது என்பதையே அது உணர்த்துகிறது. ஜூலியனுக்கு அந்த ஐந்தாண்டுகள் கிட்டவில்லை. சாவுமணியையும் சிறுமணியையும் அடுத்தடுத்துக் கேட்கும் போதெல்லாம், என் நினைவு செல்வது அந்த மூத்த மகனிடமே.