வாடகை வீட்டில் தொடங்கிய தோட்டம்



வாடகை வீட்டுக்கு எதற்குச் செடியும் கொடியும் என்று நினைத்திருக்கிறீர்களா? சொந்த வீடாக இருந்தும், முற்றத்தையும் மாடியையும் ஒழுங்குபடுத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு வருகிறீர்களா? அப்படியானால் கிளாட் மோனேயின் வாழ்க்கையை நீங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். உலகம் அவரைப் பெரிய ஓவியராக அறியும். அவர் தன் வீட்டைச் சுற்றியிருந்த இடத்தை எப்படி அமைத்தார், அது அவருக்குப் பிற்காலத்தில் எப்படிக் கைகொடுத்தது என்பதுதான் இங்கே நமக்குத் தேவை.

மோனே 1840 நவம்பர் 14 அன்று பாரிஸில் பிறந்தார். லெ ஹாவ்ர் என்ற துறைமுக நகரில் வளர்ந்தார். 1874-ல் நண்பர்களோடு சேர்ந்து அவர் நடத்திய கண்காட்சியில், அவருடைய சூரிய உதயப் படத்தின் தலைப்பை வைத்தே ஒரு விமர்சகர் கேலி செய்தார். அந்தக் கேலிதான் 'இம்ப்ரஷனிசம்' என்ற பெயராக நிலைத்தது. பெயர் வந்ததே தவிர பணம் வரவில்லை. கடனும் வீடு மாற்றுவதுமாகக் காலம் போனது. 1879-ல் மனைவி காமீல் 32 வயதில் இறந்தபோது, இரண்டு சிறு பிள்ளைகளோடு தனியாக நின்றார்.

1883-ல், தம் 42-ஆவது வயதில், பாரிஸிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜிவெர்னி கிராமத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். அவருடைய இரு பிள்ளைகள், பின்னாளில் அவர் மணந்துகொண்ட ஆலிஸ், ஆலிஸின் ஆறு பிள்ளைகள் என்று மொத்தம் பத்துப் பேர். குடிவரும் செலவுக்கே ஓவிய வியாபாரியிடம் பணம் கேட்க வேண்டிய நிலை. ஆனாலும் வந்த சில நாட்களிலேயே மண்ணைக் கொத்திப் பூச்செடிகளை நட ஆரம்பித்துவிட்டார். மழை பெய்து வெளியே போக முடியாத நாட்களில் வரைவதற்காவது பூக்கள் வேண்டும் என்பது அவர் கணக்கு.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் அடுத்த கணக்கு என் கண்ணில் உடனே பட்டது. ஏழு ஆண்டுகள் வாடகைக்கு இருந்த பிறகு, 1890-ல் அந்த வீடு விற்பனைக்கு வந்தது. 22,000 பிராங்குக்குத் தவணை முறையில் வாங்கினார். அதுவரை அவர் பாடுபட்டதெல்லாம் வேறொருவர் நிலத்தில்தான்!

திட்டமிட்ட விதத்தைப் பாருங்கள். வீட்டு வாசலிலிருந்து வெளிக்கதவு வரை நடுவே ஒரு பாதை. இருபுறமும் அடர்ந்த ஊசியிலை மரங்கள். அவற்றால் இடமே இருண்டு கிடந்தது. மோனே வெட்ட வேண்டும் என்றார், ஆலிஸ் கூடாது என்றார். பிற மரங்கள் காலப்போக்கில் போயின. வீட்டை ஒட்டியிருந்த இரண்டு யூ மரங்கள் ஆலிஸுக்காகத் தப்பின. பாதைக்கு மேல் இரும்பு வளைவுகளை அமைத்து ரோஜாக் கொடிகளை ஏற்றினார். காய்கறித் தோட்டத்தை ஊருக்குள் வேறு இடத்துக்கு மாற்றினார். எந்தப் பாத்தியில் எந்த மாதம் எது பூக்கும் என்று பார்த்து நட்டார். வசந்தத்தில் டியூலிப், அதன்பின் ஐரிஸ், ரோஜா, கடைசியில் டாலியா என்று ஒன்று ஓயும்போது அடுத்தது தொடங்கும்.

1893-ல் வீட்டுக்கு எதிரே, ரயில் பாதைக்கு அப்பாலிருந்த நிலத்தை வாங்கி அல்லிக் குளம் அமைக்க முனைந்தார். ஓடையிலிருந்து தண்ணீரைத் திருப்ப வேண்டும். ஊரார் எதிர்த்தார்கள். வெளிநாட்டுச் செடிகள் தண்ணீரைக் கெடுத்துவிட்டால், கீழே துணி துவைப்பவர்களும் மாடுகளும் என்ன செய்வது? நாம் மாடித் தோட்டம் வைக்கும்போது, கீழ் வீட்டுக்காரர் நீர்க்கசிவு பற்றிக் கேட்பாரே, அதே கேள்விதான். மோனேக்குக் கோபம் வந்தது. என்றாலும் மாவட்ட நிர்வாகத்துக்கு முறையாக விண்ணப்பித்து, அனுமதி பெற்ற பிறகே குளம் வெட்டினார். பின்னர், சாலைப் புழுதி அல்லி இலைகளில் படிகிறது என்று தம் சொந்தச் செலவிலேயே அந்தச் சாலைக்குத் தார் போட வைத்தார். இலைகளைச் சுத்தம் செய்ய ஒரு தோட்டக்காரர் படகில் போவார்.

இதுவரை படித்தால், வசதி வந்தவரின் பொழுதுபோக்கு என்றுதான் தோன்றும். ஆனால் 1911-ல் ஆலிஸ் இறந்தார். 1912-ல் மோனேக்குக் கண்புரை என்று மருத்துவர்கள் கூறினார்கள். 1914-ல் மூத்த மகன் ஜான் இறந்தார். அதே ஆண்டு உலகப் போர் மூண்டது. எழுபதைத் தாண்டிய, கண் மங்கிய ஒருவர் இனி எங்கே பயணம் போய் வரைவது? போகத் தேவையிருக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் வெட்டிய குளம் வீட்டெதிரே இருந்தது. மகனின் மனைவி பிளான்ஷ் துணைக்கு வந்தார். வண்ணக் குழாய்களின் பெயர்ச்சீட்டைப் பார்த்துத்தான் நிறங்களைப் பிரித்தறிய முடிந்தது. அப்படியும் சுவரளவு அல்லிப் படங்களை வரைந்தார். 1918-ல் போர் நின்ற மறுநாளே அவற்றில் சிலவற்றை நாட்டுக்குத் தர முன்வந்தார். 1923-ல் கண் அறுவை சிகிச்சை நடந்தது. 1926 டிசம்பர் 5 அன்று அதே வீட்டில் காலமானார். அந்தப் படங்களை இன்றும் பாரிஸின் ஒராஞ்சரி அரங்கில் பார்க்கலாம்.

பிளான்ஷ் 1947-ல் இறக்கும்வரை தோட்டம் பிழைத்திருந்தது. பிறகு கவனிப்பாரின்றிப் பாழடைந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் சீரமைத்து 1980-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இடத்தை அமைத்தால் மட்டும் போதாது, அன்றாடம் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம்மிடம் ஏக்கர் கணக்கில் நிலமில்லை. பால்கனியோ, மாடியில் ஒரு மூலையோதான் உண்டு. இடம் சிறிதானாலும் வயதான காலத்தில் நாம் அதிகம் உட்காரப்போவது அங்கேதான். ஆகவே செடி வாங்க ஓடும் முன், நாளைக் காலை அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். வெயில் எப்போது வருகிறது, காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே வடிகிறது என்று பாருங்கள். பிறகு வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். கீழ் வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.