புரதச் சங்கிலி கண்ட எமில் பிஷர்

பாலிலும் பருப்பிலும், நம் தசையிலும் குருதியிலும் உள்ள புரதம் எவ்வாறு அமைந்தது என்பதனை 1900-ஆம் ஆண்டளவில் இரசாயன நூலார் தெளிவுற அறிந்திலர். அதனை அறிதற்கு வழி திறந்தவருள் தலையாயவர் எமில் பிஷர் ஆவர்.

இவர் 1852-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 9-ந் தேதி ஜெர்மனி தேசத்தில் பிறந்தார். வணிகராகிய தந்தையார் மைந்தரையும் வணிகத்திற் புகுத்த விரும்பினார். அவர் மனம் அதிற் பற்றாமை கண்டு கல்வி பயில அனுப்பினார். ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பேயர் என்னும் பேராசிரியரிடம் பயின்று 1874-ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். மறு ஆண்டில் பினைல் ஹைட்ரஸீன் என்னும் பொருளைக் கண்டார். அதன் துணையால் சர்க்கரை வகைகளின் அமைப்பை ஆராய்ந்தார். சர்க்கரை, பியூரின் ஆகிய இருவகைப் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1902-ஆம் ஆண்டு நோபெல் பரிசு எய்தினார். ஆயினும் பினைல் ஹைட்ரஸீனின் நஞ்சு அவர்தம் உடல்நலத்தைக் குலைத்தது.

1892-ஆம் ஆண்டு முதல் பெர்லின் நகரில் பேராசிரியராக விளங்கிய இவர், 1899-ஆம் ஆண்டளவில் புரத ஆராய்ச்சியில் இறங்கினார். புரதத்தை அமிலத்தோடு கொதிக்க வைப்பின் அது அமினோ அமிலங்கள் என்னும் சிறு பொருள்களாகப் பிரியும். அவை ஒவ்வொன்றும் ஒருபுறம் அமில இயல்பும் மறுபுறம் கார இயல்பும் உடையன. ஒன்றன் அமிலப்புறம் மற்றொன்றன் காரப்புறத்தோடு இணையுங்கால் ஒரு நீர் மூலக்கூறு நீங்கும். இவ்வாறே அவை சங்கிலிக் கண்ணிகள்போல் தொடர்ந்து புரதமாகின்றன என்று பிஷர் 1902-ஆம் ஆண்டு கூறினார். ஹாப்மைஸ்டர் என்னும் அறிஞரும் அவ்வாண்டே இக்கருத்தைத் தனியே வெளியிட்டார். பிஷரோ கூறியதோடு அமையாது, சங்கிலியைத் தாமே தொடுக்கவும் முற்பட்டார். 1901-ல் இரண்டு கண்ணிகளை இணைத்த அவர், 1907-ல் 15 கிளைஸீனும் 3 லியூஸீனுமாக 18 கண்ணிகள் கொண்ட சங்கிலியை ஆக்கிக் காட்டினார்.

இத்துணைப் புகழுடையார் வாழ்வில் துன்பமும் மிகுந்திருந்தது. மணமாகி ஏழே ஆண்டுகளில் மனைவியார் இறந்தார். மூன்று மைந்தருள் இருவரை முதல் உலகப் போர்க் காலத்தில் இழந்தார். 1919-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15-ந் தேதி பெர்லினில் உயிர் நீத்தார்.

அவர் கொள்கையில் ஒரு பிழையும் இருந்தது. புரதத்தின் மூலக்கூற்று எடை 5,000 அளவிற்கு மேற்படாது என்று அவர் கருதினார். 1920-களில் ஸ்வெட்பெர்க் என்பார் குருதியின் செந்நிறப் புரதம் 60,000-க்கும் மேற்பட்ட எடையுடையதெனக் காட்டினார். எனினும் பிஷர் கண்ட பிணைப்பு நிலைத்தது. 1955-ஆம் ஆண்டு ஸாங்கர் என்பார் இன்ஸுலினில் 51 கண்ணிகள் நிற்கும் வரிசையை முற்றும் கண்டறிந்து, புரதம் சங்கிலியே என்பதனை ஐயமற நிறுவினார்.

கருத்தாக மட்டும் கொண்ட எல்லை வீழ்ந்தது. கையால் தொடுத்துக் காட்டிய கண்ணி நின்றது. ஆய்வுச்சாலையிற் புகும் மாணவர் இவ்வேறுபாட்டினை மறவாதிருப்பாராக.